சைக்கிளும் சட்டமும்: உடுமலைச் சாலைகளை முன்வைத்து

இந்தியச் சட்டத்தின் பார்வையில் சைக்கிள் ஒரு வாகனம். ஆனால் மோட்டார் வாகனம் அன்று. சாலையில் சைக்கிள் ஓட்டுபவரின் உரிமை, கடமை, பொறுப்பு எல்லாம் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே கிளைக்கின்றன. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், இயந்திர விசையால் இயங்கிச் சாலையில் ஓடத்தக்க வண்டியையே மோட்டார் வாகனம் என்று 2(28)ஆம் பிரிவில் வரையறுக்கிறது. காலால் மிதித்து ஓட்டும் வண்டி அதற்குள் வராது. ஆகவே ஓட்டுநர் உரிமம் பற்றிய 3ஆம் பிரிவு, பதிவு பற்றிய 39ஆம் பிரிவு, காப்பீடு பற்றிய 146ஆம் பிரிவு, தலைக்கவசம் பற்றிய 129ஆம் பிரிவு எதுவும் சைக்கிள் ஓட்டியைக் கட்டுப்படுத்தாது. போக்குவரத்துக் குறிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்கிற 119ஆம் பிரிவும், குடித்துவிட்டு ஓட்டுவதைத் தண்டிக்கும் 185ஆம் பிரிவும்கூட மோட்டார் வாகனம் ஓட்டுபவரைப் பற்றியே பேசுகின்றன.

இதை வைத்துச் சைக்கிள்காரருக்குச் சட்டமே கிடையாது என்று பலரும் நம்புகிறார்கள். அது தவறான நம்பிக்கை, ஆபத்தானதும்கூட. மோட்டார் வாகனச் சட்டத்துக்கு வெளியே நிற்பவர், குற்றவியல் சட்டத்துக்கும் இழப்பீட்டுச் சட்டத்துக்கும் வெளியே நிற்பதில்லை. காகிதங்கள்தான் தேவையில்லை, பொறுப்பு இருக்கிறது.

திருப்பூர் மாவட்டத்து உடுமலைப்பேட்டையில் இது ஏட்டளவில் நிற்கும் விஷயம் அன்று. கோவையிலிருந்து பொள்ளாச்சி, உடுமலை, பழனி, திண்டுக்கல் வழியாக நாகப்பட்டினம் வரை போகும் 83ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை இந்த ஊரைத் தொட்டுச் செல்கிறது. மூணாறு, தாராபுரம், பல்லடம் சாலைகளும் இங்கே வந்து கூடுகின்றன. சுற்றிலும் தென்னந்தோப்புகள், தோப்புக்குள்ளே வீடுகள். தோட்டத்து வீட்டிலிருந்து கிளம்பும் சைக்கிள் முதலில் இருபுறமும் வேலி அமைந்த இட்டேரி மண்பாதையில் வரும். பிறகு பஞ்சாயத்துத் தார் ரோடு. அதன் முனையில் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் லாரியும் பேருந்தும் விரையும் பெருஞ்சாலை. பால் கேன் கட்டியவர், மில் வேலைக்குப் போகிறவர், அரசு தந்த சைக்கிளில் பள்ளிக்குப் போகும் பிளஸ் ஒன் மாணவி ஆகிய மூவரும் அந்த முனையில்தான் சாலை விதியை முதன்முதலாகச் சந்திக்கிறார்கள்.

வில்லையும் விளக்கும்

சைக்கிள் எப்போதும் இப்படிக் கட்டற்று இருந்ததில்லை. உள்ளாட்சி அமைப்புகள் சைக்கிளுக்கு ஆண்டு வரி வாங்கி, செலுத்தியதற்கு அடையாளமாகச் சிறு தகட்டு வில்லை தந்த காலம் உண்டு. வில்லை இல்லாத சைக்கிளை நிறுத்திப் பிடித்துவைப்பார்கள். பொழுது சாய்ந்தபின் விளக்கில்லாமல் வந்தாலும், கேரியரிலோ முன்கம்பியிலோ ஆளை ஏற்றி 'டபுள்ஸ்' வந்தாலும் போலீஸ்காரர் மறித்துச் சக்கரத்தின் காற்றைப் பிடுங்கிவிடுவது வழக்கம். டைனமோ வாங்க முடியாதவர்கள் மண்ணெண்ணெய் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டினார்கள். மொபெட்டும் மோட்டார் சைக்கிளும் பெருகியபின் வரி வசூல் கைவிடப்பட்டது. அதோடு விளக்குச் சோதனையும் போய்விட்டது. வரி போனது நல்லது. விளக்கு போனதுதான் இழப்பு.

அந்த இழப்பில் ஒரு பகுதியை இப்போது உற்பத்தியாளர் மீதான கடமை ஈடுகட்டுகிறது. சைக்கிளில் பொருத்தும் ஒளி எதிரொளிப்பான்களுக்குத் தரக்கட்டுப்பாட்டை மத்திய அரசு 2020இல் கட்டாயமாக்கியது. ஆனால் எதிரொளிப்பான் தன் மேல் வெளிச்சம் பட்டால் மட்டுமே ஒளிரும். எதிரே வரும் வண்டியின் முகப்பு விளக்கு வேறு பக்கம் திரும்பியிருந்தாலோ, தேங்காய் நார் ஏற்றிய டிராக்டருக்கு விளக்கே இல்லையென்றாலோ அதனால் பயனில்லை. விளக்கு வைத்துக்கொள்வதை இப்போதும் ஓட்டுபவரின் கடமையாகவே கொள்ள வேண்டும்.

ஓட்டும் முறை: விதி எங்கிருந்து வருகிறது

நீதிமன்றம் சைக்கிள் ஓட்டியிடம் கேட்பது எளிய கேள்வி: விவேகமுள்ள சாதாரண மனிதர் அந்த இடத்தில் எடுத்திருக்கும் கவனத்தை இவர் எடுத்தாரா? அந்தக் கவனத்தின் அளவுகோலாகச் சாலையில் எல்லோரும் அறிந்த ஒழுங்குகளே அமைகின்றன. 2017இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள் மோட்டார் வாகன ஓட்டுநருக்கானவை. ஆனாலும் இடப்புறம் செல்லுதல், கிளைச்சாலையிலிருந்து பெருஞ்சாலையில் ஏறும்போது அங்கே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்கு வழிவிடுதல் போன்றவை சாலையின் பொது மொழியாகிவிட்டன. இவற்றை மீறியதால் சைக்கிள் ஓட்டிக்கு அந்த ஒழுங்குமுறையின் கீழ் அபராதம் விழாது. விபத்து நேர்ந்தால் கவனக்குறைவுக்குச் சான்றாக அதே மீறல் எழுந்து நிற்கும்.

தவறான திசையில் ஓட்டுவதை எடுத்துக்கொள்ளலாம். நடுவில் தடுப்பு வைத்த நான்கு வழிச்சாலையில், திரும்புமிடம் தள்ளி இருக்கிறது என்பதற்காகச் சாலையோரமாகவே எதிர்த்திசையில் வருவது இன்று சைக்கிள்காரரின் மிகச் சாதாரணமான மீறல். எதிரே வருவதைப் பார்த்துக்கொண்டு போகலாம் என்று அதற்கு ஒரு நியாயமும் சொல்லப்படுகிறது. ஆனால் இட்டேரியிலிருந்து சாலையில் ஏறுகிறவர் வலப்பக்கம் பார்த்துத்தான் இடப்பக்கம் திரும்புவார். எதிர்த்திசையில் வரும் சைக்கிளை அவர் எதிர்பார்ப்பதில்லை. மோதல் வேகமும் இரு வண்டிகளின் வேகத்தைக் கூட்டியதாகிவிடும். சாலையை அமைத்தவரின் குறை இதற்குக் காரணமாக இருக்கலாம். அடிபடும்போது அந்த வாதம் உதவாது.

சைக்கிளுக்கென்றே எழுதப்பட்ட விதிகளைக் காண உலக உடன்படிக்கைக்குத்தான் போக வேண்டியிருக்கிறது. 1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையில் இந்தியா 1980இல் இணைந்தது. அதன் 27ஆம் உறுப்பு, ஒரு கையாவது ஹேண்டில்பாரில் இருக்க வேண்டும், இன்னொரு வண்டியைப் பிடித்துக்கொண்டு இழுபடக் கூடாது, ஓட்டுவதற்கு இடைஞ்சலாகவோ மற்றவருக்கு ஆபத்தாகவோ பாரம் கொண்டுசெல்லக் கூடாது என்கிறது. ஆள் ஏற்றுவதையும் அது பொதுவாகத் தடுக்கிறது. விதிவிலக்கு அளிப்பதை நாடுகளிடம் விடுகிறது. 44ஆம் உறுப்பின்படி சைக்கிளுக்கு நல்ல பிரேக், கேட்கும்படியான மணி, பின்னால் சிவப்பு எதிரொளிப்பான், முன்னால் வெள்ளை அல்லது மஞ்சள் விளக்கு, பின்னால் சிவப்பு விளக்கு வேண்டும்.

இவற்றுள் இழுபடுதல் உடுமலைப் பக்கம் தனியாகப் பேசத்தக்கது. கரும்பு ஏற்றிய டிராக்டர் மெதுவாகப் போகிறது. பின்னால் நீண்டிருக்கும் கரும்பையோ டிரெய்லர் கொக்கியையோ ஒரு கையால் பிடித்தால் மிதிக்காமலே ஏற்றத்தைக் கடந்துவிடலாம். டிராக்டர் ஓட்டுபவருக்குப் பின்னால் ஆள் இருப்பதே தெரியாது. அவர் குழியைக் கண்டு சட்டென்று பிரேக் போட்டால் சைக்கிள் டிரெய்லருக்கு அடியில் போகும். ஓடும் மோட்டார் வாகனத்தைப் பிடிப்பதைத் தடுத்து விதி செய்ய மோட்டார் வாகனச் சட்டத்தின் 138ஆம் பிரிவு மாநில அரசுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. சைக்கிள் ஓட்டியின் செயலை அச்சட்டம் நேராகத் தொடும் சில இடங்களில் இது ஒன்று.

மோட்டார் வண்டி ஓட்டுபவருக்கும் சைக்கிள் தொடர்பான கடமை உண்டு. பாதசாரிகள், சைக்கிள் ஓட்டிகள், குழந்தைகள், முதியோர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோரின் பாதுகாப்பில் தனிக் கவனம் எடுக்க வேண்டும் என்று 2017ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைகள் கூறுகின்றன. சைக்கிள் பாதை என ஒதுக்கியதில் மோட்டார் வண்டி ஓட்டுவதும் தடை. சைக்கிளை முந்தும்போது இத்தனை அடி விலகிச் செல்ல வேண்டும் என்ற அளவு மட்டும் எழுதப்படவில்லை. பேருந்து உரசிப் போகும் காற்றிலேயே சைக்கிள் தடுமாறும் சாலைகளில் இது பெரிய குறை.

குற்றப் பொறுப்பு

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 281ஆம் பிரிவு, பொது வழியில் எந்த வாகனத்தையும் மனித உயிருக்கு ஆபத்து விளையும்படி முரட்டுத்தனமாகவோ கவனமின்றியோ ஓட்டுவதைக் குற்றமாக்குகிறது. ஆறு மாதம் வரை சிறை, 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 279ஆம் பிரிவே இப்படி எண் மாறியிருக்கிறது. இங்கே 'மோட்டார்' என்ற சொல் இல்லை. 'எந்த வாகனமும்' என்பதில் சைக்கிளும் அடங்கும்.

காயம் விளைந்தால் 125ஆம் பிரிவு வரும். சாதாரணக் காயத்துக்கு ஆறு மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம். கொடுங்காயத்துக்கு மூன்று ஆண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம். இரண்டும் சேர்த்தும் விதிக்கலாம். எலும்பு முறிவு கொடுங்காயத்தில் சேரும். சந்தை நெரிசலில் பிரேக் பிடிக்காத சைக்கிள் மோதி ஒரு மூதாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தால், ஓட்டியவர் 'வெறும் சைக்கிள்தானே' என்று சொல்லித் தப்ப முடியாது. உயிர் போனால் 106(1)ஆம் பிரிவின்படி ஐந்து ஆண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. விபத்தில் சாவு விளைத்துவிட்டுத் தெரிவிக்காமல் ஓடுவோருக்குப் பத்து ஆண்டு வரை தண்டனை கூறும் 106(2)ஆம் பிரிவு, சட்டம் அமலுக்கு வந்தபோது நிறுத்திவைக்கப்பட்டது.

சைக்கிளைப் பொது வழியில் இடைஞ்சலாகப் போட்டுவைத்தால் 285ஆம் பிரிவின்படி 5,000 ரூபாய் வரை அபராதம். குடித்துவிட்டுச் சைக்கிள் ஓட்டுபவர் மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவில் சிக்கமாட்டார். ஆனால் பொது இடத்தில் குடிபோதையில் தொல்லை தருவதைத் தண்டிக்கும் 355ஆம் பிரிவும் மேற்கண்ட 281ஆம் பிரிவும் காத்திருக்கும். ஜப்பானில் இதற்கு மாறாகச் சைக்கிளுக்கென்றே கடும் விதி உண்டு: 2024 நவம்பரிலிருந்து கைபேசியைப் பார்த்துக்கொண்டு சைக்கிள் ஓட்டினாலே ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம்.

சிறார் விஷயத்தில் சட்டம் வேறு தடத்தில் போகிறது. ஏழு வயதுக்குட்பட்ட குழந்தை செய்வது குற்றமாகாது. ஏழு முதல் பன்னிரண்டு வரை, செயலின் தன்மையை உணரும் முதிர்ச்சி இருந்ததா என்று பார்க்கப்படும். பதினெட்டு வரை சிறார் நீதி வாரியமே விசாரிக்கும். பதினெட்டு வயது நிரம்பாத பிள்ளை மோட்டார் வாகனம் ஓட்டினால் பெற்றோரைத் தண்டிக்கும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 199ஏ பிரிவு சைக்கிளுக்குப் பொருந்தாது. தமிழ்நாட்டில் சிறார் சைக்கிள் ஓட்டுவதற்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2001-02இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியருக்காகத் தொடங்கிய விலையில்லாச் சைக்கிள் திட்டம் பின்னர் அரசு, அரசு உதவி பெறும் பள்ளிகளின் பிளஸ் ஒன் மாணவர் அனைவருக்கும் விரிந்தது. பெண் கல்விக்கு இதைப் போல் உதவிய திட்டங்கள் குறைவு. சைக்கிளைக் கையில் தரும் அதே நாளில் விளக்கையும் சாலை விதிகள் அடங்கிய ஒரு சிறு புத்தகத்தையும் தருவது பெரிய செலவாகாது.

இழப்பீடு: கொடுப்பவரும் பெறுபவரும்

சைக்கிள் ஓட்டியின் தவறால் இன்னொருவர் காயப்பட்டால், அவர் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போக முடியாது; அந்தத் தீர்ப்பாயம் மோட்டார் வாகனத்தால் நேர்ந்த விபத்துகளுக்கானது. உரிமையியல் நீதிமன்றத்தில்தான் வழக்குத் தொடர வேண்டும். உயிர் போயிருந்தால் குடும்பத்தினர் 1855ஆம் ஆண்டின் உயிர்ச்சேத விபத்துச் சட்டத்தின் கீழ் கேட்கலாம். காப்பீடு இல்லாததால் தீர்ப்பாகும் தொகை முழுவதும் ஓட்டியவரின் சொந்தப் பொறுப்பு. கடைக்காகச் சாமான் கொண்டுபோன பையன் மோதினால், வேலையின்போது நேர்ந்தது என்ற வகையில் முதலாளியும் பொறுப்பாவார். பெற்றோர் பிள்ளையின் தவறுக்குத் தானாகவே பொறுப்பாவதில்லை. பிரேக் கட்டை தேய்ந்தது தெரிந்தும் ஓட்டவிட்டார்கள் என்பது போன்ற சொந்தக் கவனக்குறைவு நிரூபணமானால் பொறுப்பு வரும்.

நடப்பில் அதிகம் நேர்வது இதற்கு எதிர்நிலை: மோட்டார் வண்டி மோதிச் சைக்கிள் ஓட்டி அடிபடுவது. அப்போது அவர் மூன்றாம் தரப்பினர் ஆகிறார். மோதிய வண்டியின் கட்டாயக் காப்பீடு அவருக்கானதே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 166ஆம் பிரிவில் மனு செய்தால் வண்டி ஓட்டியவரின் தவறை நிறுவ வேண்டும். வருமானம், வயது, ஊனத்தின் அளவு ஆகியவற்றைக் கணக்கிட்டுத் தொகை தீர்மானமாகும். தவறை நிறுவ முடியாதபோது 164ஆம் பிரிவு உதவும்: சாவுக்கு 5 லட்சம், கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் மனு செய்ய வேண்டும் என்று 2019ஆம் ஆண்டின் திருத்தம் கெடு வைத்தது. அந்தக் கெடு செல்லுமா என்பது உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. அதை நம்பிக் காலம் தாழ்த்துவது நல்லதன்று. விபத்து நடந்த இடத்தில்தான் மனு செய்ய வேண்டும் என்பதில்லை. பாதிக்கப்பட்டவர் வசிக்கும் இடத்திலும் செய்யலாம்.

சைக்கிள் ஓட்டியின் பங்குத் தவறு இங்கேதான் விலையாகிறது. மாலை ஏழு மணிக்கு விளக்கில்லாத சைக்கிளில் ஒருவர் இட்டேரியிலிருந்து நெடுஞ்சாலையில் ஏறுகிறார். வேகமாக வந்த கார் மோதுகிறது என்று வைத்துக்கொள்வோம். காரின் வேகம் தவறு. பார்க்காமல் ஏறியதும் தவறு. தீர்ப்பாயம் தவறைப் பங்கிட்டு, சைக்கிள் ஓட்டியின் பங்குக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைக்கும். தவறில் கால் பங்கு அவருடையது என்று கண்டால் பத்து லட்சத்தில் இரண்டரை லட்சம் போய்விடும். அபராதம் இல்லாத விதிமீறலுக்கும் இப்படி ஒரு விலை உண்டு.

மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டால் 161ஆம் பிரிவின் கீழ் சாவுக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் கிடைக்கும். விண்ணப்பத்தை விசாரிப்பது வருவாய்த்துறை. உடுமலை வருவாய்க் கோட்டத்தின் தலைமையிடம் என்பதால் அதற்காகத் திருப்பூர் போக வேண்டியதில்லை. சிகிச்சைக்கு, 2021 டிசம்பரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டம் முதல் 48 மணி நேரச் செலவை ஏற்கிறது. தொடக்கத்தில் உச்ச வரம்பு ஒரு லட்சம் ரூபாய். அடிபட்டவரைத் தூக்கிச் சென்றவரை 134ஏ பிரிவு வழக்கிலிருந்து காக்கிறது.

மின்சைக்கிள்

சைக்கிளுக்கும் மோட்டார் வாகனத்துக்கும் இடையிலான கோட்டை மின்சைக்கிள் மங்கலாக்கியிருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகளின் 2(யு) விதிப்படி, துணை மோட்டாரின் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாக இருந்து, வேகம் மணிக்கு 25 கிலோமீட்டரைத் தொடும்போதோ மிதிப்பதை நிறுத்தும்போதோ மோட்டார் நின்றுவிட்டால், அது மோட்டார் வாகனம் ஆகாது. பேட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்குள் இருக்க வேண்டும். தக்க பிரேக்கும், முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு எதிரொளிப்பான்களும் வேண்டும். அங்கீகாரம் பெற்ற சோதனை நிலையத்தின் ஒப்புதலும் வேண்டும்.

இந்த வரம்பைத் தாண்டிய கணமே அது சட்டப்படி மோட்டார் வாகனம். உரிமம், பதிவு, காப்பீடு, தலைக்கவசம் அனைத்தும் தேவைப்படும். வேகக் கட்டுப்பாட்டை நீக்கிக் கொடுத்த வண்டியை 'லைசென்ஸ் வேண்டாம்' என்ற சொல்லை நம்பி வாங்கிப் பள்ளிப் பிள்ளையிடம் தந்தால், மேலே சொன்ன 199ஏ பிரிவு உயிர்பெறும்: பெற்றோருக்கோ உரிமையாளருக்கோ மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும். வாங்கும்போது சோதனை நிலையத்தின் ஒப்புதல் சான்றைக் கேட்டுப் பார்ப்பது ஒன்றே பாதுகாப்பு.

வரவேண்டிய விதிகள்

சைக்கிளுக்கென்று தனி விதிநூல் இல்லாத குறையை 2019ஆம் ஆண்டின் திருத்தம் உணர்ந்திருந்தது. மோட்டார் இல்லாத வண்டிகளும் பாதசாரிகளும் சாலையையும் தேசிய நெடுஞ்சாலையையும் பயன்படுத்துவதை முறைப்படுத்த விதி செய்யும் அதிகாரத்தை 138(1ஏ) என்ற புதிய உட்பிரிவு மாநில அரசுகளுக்குத் தந்தது. தேசிய நெடுஞ்சாலை என்றால் நெடுஞ்சாலை ஆணையத்தைக் கலந்தே செய்ய வேண்டும். ஆண்டுகள் கடந்தும் அந்த அதிகாரம் பெரும்பாலும் ஏட்டிலேயே கிடந்தது.

அதை எழுப்பிய வழக்குக்குக் கொங்கு நாட்டோடு உறவுண்டு. கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு முறிவு அறுவை மருத்துவர் எஸ். ராஜசேகரன், சாலை விபத்துகளைக் குறைக்க உரிய நடவடிக்கை கோரி 2012இல் உச்ச நீதிமன்றத்தில் பொதுநல வழக்குத் தொடுத்தார். அவ்வழக்கில் 2014இல் நீதிபதி கே.எஸ். ராதாகிருஷ்ணன் தலைமையில் சாலைப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2025 அக்டோபர் 7 அன்று நீதிபதிகள் ஜே.பி. பர்திவாலா, கே.வி. விஸ்வநாதன் அமர்வு, 138(1ஏ) பிரிவின் கீழும் சாலை வடிவமைப்புத் தரம் பற்றிய 210டி பிரிவின் கீழும் ஆறு மாதத்துக்குள் விதிகளை உருவாக்குமாறு மாநிலங்களுக்கு உத்தரவிட்டது.

அத்தகைய விதி இரண்டு வழிகளில் போகலாம். கொல்கத்தாவில் 2013இல் 174 சாலைகளில் சைக்கிளைத் தடைசெய்தார்கள். பெங்களூரு–மைசூரு விரைவுச்சாலையின் முதன்மைப் பாதையில் 2023 ஆகஸ்டு முதல் இருசக்கர வண்டிகளோடு மோட்டார் இல்லாத வண்டிகளும் விலக்கப்பட்டன. விரைவுச்சாலையில் அந்தத் தடைக்குக் காரணம் உண்டு. பக்கத்தில் அணுகுசாலை இருக்கிறது. மாற்றுவழி இல்லாத இடத்தில் தடைசெய்வது, விபத்துக்குப் பதிலாகச் சைக்கிள்காரரை அகற்றுவதாகும்.

உடுமலையில் விதி செய்பவர் கணக்கில் கொள்ள வேண்டியது சாலைகளின் பல உடைமை. தளியிலிருந்து போடிபட்டி வழியாக நகருக்கு வரும் ஒருவரின் ஒரே பயணத்தில் பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்கால் கரை நீர்வளத் துறையுடையது, ஊர்ச்சாலை ஊராட்சியுடையது, அடுத்தது மாநில நெடுஞ்சாலைத் துறையுடையது, கடைசியில் நகராட்சித் தெரு. இவர்களுள் எவரும் தனியாகச் சைக்கிள் பாதை போட்டால் அது அடுத்தவர் எல்லையில் அறுந்துபோகும். எப்போது தனிப்பாதை வேண்டும் என்பதற்கு இந்தியச் சாலைப் பேராயத்தின் 11ஆம் எண் வழிகாட்டி 1962லேயே அளவு தந்திருக்கிறது: மணிக்கு 100 முதல் 200 மோட்டார் வண்டிகள் ஓடும் சாலையில் நெரிசல் நேரத்தில் மணிக்கு 400 சைக்கிள்கள் போனால் தனிப்பாதை தேவை; மோட்டார் வண்டிகள் 200ஐத் தாண்டினால் 100 சைக்கிள்களே போதும். பள்ளி விடும் நேரத்தில் பழனி சாலையிலும் பொள்ளாச்சி சாலையிலும் நின்று எண்ணினாலே விதிக்கு வேண்டிய முதல் தரவு கிடைத்துவிடும். சாலையின் வடிவமைப்பிலோ பராமரிப்பிலோ தரம் தவறியதால் உயிரோ உறுப்போ போனால், பொறுப்பான அதிகாரி அமைப்பையும் ஒப்பந்ததாரரையும் ஒரு லட்சம் ரூபாய் வரை தண்டிக்க 198ஏ பிரிவு இடம் தருகிறது. அந்தத் தொகை மோட்டார் வாகன விபத்து நிதியில் சேரும்.